மத்தியதரைக் கடற்கரையும் ஒரு பயணப் பெட்டியும்



சில வாரங்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. என்னோடு பல ஆண்டுகள் ஒரே பாடசாலையிற் கற்பித்து, இப்போது ஓய்வு பெற்றிருக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியது. அவருடைய மகள் பாரிஸ் மாநகரிற் குடும்பத்தோடு வாழ்கிறாள். வரும் ஓகஸ்ட் மாதத்தில் தாயாரையும் அழைத்துக்கொண்டு பிரான்சின் தென்கரைக்கு, நீஸ் நகரப் பக்கமாக, இரு வார விடுமுறைக்குச் செல்லப்போகிறார்களாம். "ஐயா, பெட்டியில் எதை எடுத்து வைப்பதென்று தெரியவில்லை. மகள் 'இலேசான உடுப்பாகக் கொண்டு வாருங்கள்' என்கிறாள். சேலையோடு அந்தக் கரையில் இருந்தால் பேரப்பிள்ளைகளுக்கு வெட்கமாக இருக்குமோ? நீங்கள் சரித்திரம் படிப்பித்தவர்; ஒரு வழி சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

சரித்திரம் படிப்பித்தவனிடம் உடுப்புப் பெட்டி அடுக்கும் வழியைக் கேட்கிறாரே என்று முதலிற் சிரிப்புத்தான் வந்தது. சற்றே சிந்தித்தபோது, அவர் சரியான இடத்திலேதான் கேட்டிருக்கிறார் என்பது விளங்கிற்று. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் வாக்கு. மத்தியதரைக் கடற்கரையில் இன்று காணப்படும் மெல்லிய, தளர்வான, கவலையற்ற உடைகள் அங்கே தொன்றுதொட்டு வழங்கி வருபவை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அஃது உண்மையன்று. கோடைகாலக் கடற்கரை உடையென்று அங்கே வழங்குவதன் வயது ஏறத்தாழ நூறு ஆண்டுகளே. அவை எங்கிருந்து வந்தன, யாரிடமிருந்து கடன் வாங்கப்பட்டன, அவற்றை உடுக்கும் உரிமை யாருக்கு எப்போது கிடைத்தது என்பவற்றை அறிந்துகொண்டால், அந்த ஆசிரியையின் கவலை பெரும்பாலும் தானே நீங்கிவிடும். அவருக்கு எழுதிய மறுமொழியையே சற்று விரித்து இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு வியப்பான செய்தி. இன்று கோடை விடுமுறையின் தாயகமாகக் கருதப்படும் அந்தத் தென்பிரெஞ்சுக் கரைக்கு, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம், செல்வர்கள் சென்றது மாரிகாலத்திலேயேயாகும். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த எழுத்தாளரும் மருத்துவருமான தோபியாஸ் ஸ்மொலெற் என்பார் நெஞ்சுநோய்க்கு மருந்து தேடி 1763ஆம் ஆண்டில் நீஸ் நகருக்குச் சென்று ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கினார். அங்கே அவர் கடலில் இறங்கிக் குளித்தார். ஊரவர்கள் அதனைக் கண்டு திகைத்தனர். 1766ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பயண நூலிலே, பெண்கள் நாணத்தை முற்றாகத் துறந்தாலன்றி இக்குளிப்பின் பயனை அடைய இயலாது என்னும் பொருள்பட ஒரு குறிப்பு உண்டு. நேயர்களே, அக்குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் ஒரு பெண் எதை உடுக்கலாம் என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. இன்னும் அது முடிந்தபாடில்லை.

ஸ்மொலெற்றின் பின் ஆங்கிலேயர் திரளாக வரலாயினர். 1820களில் நீஸ் கடலோரத்தில் அவர்கள் பொருளுதவி செய்து அமைத்த நடைபாதை இன்றும் 'ஆங்கிலேயர் உலாவீதி' என்றே வழங்குகிறது. 1834ஆம் ஆண்டில் புறூம் பிரபு கான் என்னும் சிறு மீனவர் ஊரில் தங்கி, பின்னர் அங்கே மாளிகையும் கட்டினார். 1860ஆம் ஆண்டில் நீஸ் பிரான்சோடு இணைந்தது. 1864ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை அந்நகரை எட்டியது. அதன்பின் உருசியப் பிரபுக்களும் ஐரோப்பிய அரச குடும்பத்தினரும் வந்து குவிந்தனர். விக்ரோறியா மகாராணியாரே 1895 முதல் 1899 வரை ஆண்டுதோறும் வசந்த காலத்தில் நீஸின் மேட்டுப்பகுதியான சிமியேயில் வந்து தங்கினார்.

ஆனால் வசந்தம் கழிந்ததும் ஹோட்டல்கள் கதவடைத்துவிடும். கோடை வெயில் உடலுக்குத் தீங்கானது என்பது அக்காலத்தார் நம்பிக்கை. வெயிலிற் கறுத்த முகம் வயலில் உழைப்பவன் முகம். வெளுத்த முகம் ஓய்வுடையோன் முகம். ஆகவே மாரிகாலத்து மெல்லிய வெயிலிலும் சீமாட்டிகள் கையுறை பூண்டு, முகத்திரையிட்டு, குடை பிடித்துக்கொண்டே கடலோரம் உலாவினர். கடல் அவர்களுக்குப் பார்ப்பதற்குரிய காட்சி, இறங்குவதற்குரிய நீரன்று.

இத்தகையோர் பயணத்துக்கு எத்தனை பெட்டிகள் வேண்டியிருந்திருக்கும்? காலை உலாவுக்கு ஓர் உடை, பகலுணவுக்கு ஓர் உடை, பிற்பகல் தேநீருக்கு ஓர் உடை, இரவு விருந்துக்கு ஓர் உடை. பாவாடைகளோ கூண்டுபோல் விரிந்தவை. அவற்றை மடிப்பதே பெருங்கலை. அதனாற் பெட்டி அடுக்குதல் பாரிஸ் நகரில் ஒரு தனித் தொழிலாகவே இருந்தது. யூரா மலைப்பகுதியிற் பிறந்த லூயி விட்டோன் என்னும் ஏழைச் சிறுவன் வீட்டை விட்டு வெளியேறி, வழிநெடுகக் கூலிவேலை செய்து, கால்நடையாகவே 1837ஆம் ஆண்டில் பாரிஸை அடைந்து, அத்தகைய தொழிலாளர் ஒருவரிடம் பயிற்சிக்கமர்ந்தான். பிற்காலத்தில் மூன்றாம் நெப்போலியனின் துணைவியாரான யூஜெனி பேரரசியாரின் ஆடைகளை அடுக்கும் பொறுப்பு அவனுக்குக் கிடைத்தது. 1854ஆம் ஆண்டில் அவர் சொந்தக் கடை திறந்தார். அதுவரை பயணப் பெட்டிகளின் மூடி கூனல் முதுகுபோல வளைந்திருந்தது, மழைநீர் வழிந்தோடுவதற்காக. 1858ஆம் ஆண்டளவில் அவர் சாம்பல்நிறக் கித்தான் போர்த்த, தட்டையான மூடியுடைய பெட்டியைச் செய்தார். புகையிரதத்திலும் கப்பலிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதற்கு அது வசதியாயிற்று. நம் பாட்டிமார் வீடுகளில் மூலையிற் கிடந்த தட்டைமூடி றங்குப் பெட்டியும் அந்தப் பயணப் பெட்டிகளின் வழிவந்ததே.

இதிலே ஓர் உண்மை மறைந்திருக்கிறது. இருபது பெட்டிகளோடு பயணஞ் செய்பவர் அவற்றைத் தாமே சுமப்பதில்லை. அடுக்க ஓர் ஆள், சுமக்கப் பல ஆட்கள், உடுத்திவிட ஒரு பணிப்பெண். அன்றைய அழகிய ஆடையின் பின்னே இத்தனை பேருடைய முதுகு வளைந்திருந்தது. ஆடை இலேசாவதற்கு, அதனை உடுத்தவர் தம்முடைய சுமையைத் தாமே தூக்கும் காலம் வரவேண்டியிருந்தது.

அக்காலத்தை விரைவுபடுத்தியது முதலாம் உலகப் போர். அதற்குச் சிறிது முன்னர், 1913ஆம் ஆண்டில், பிரான்சின் வடகரையிலுள்ள தோவில் என்னும் கடற்கரை நகரில் கப்ரியேல் ஷனெல் என்னும் பெண்மணி ஓர் ஆடைக்கடை திறந்தார். தாயை இழந்து கன்னியர் மடத்திலே வளர்ந்தவர் அவர். போர்க்காலத்தில் துணி அரிதாயிற்று. பின்னல் துணியாகிய 'ஜேர்சி' அதுவரை பெரும்பாலும் ஆண்களின் உள்ளாடைக்கே பயன்பட்டு வந்தது. அந்த மலிவான துணியை எடுத்து அவர் பெண்களுக்குத் தளர்வான மேலாடைகள் தைத்தார். உள்ளே இறுக்கும் கச்சு இல்லை. கையை உயர்த்தலாம், குனியலாம், விரைந்து நடக்கலாம். மீனவர்களும் மாலுமிகளும் அணிந்த சட்டையின் அமைப்பையே அவர் பின்பற்றினார்.

இனித் தென்கரைக்குத் திரும்புவோம். 1922ஆம் ஆண்டு டிசெம்பரில் நீலநிறப் பெட்டிகள் பூட்டிய புதிய சொகுசுப் புகையிரதம் கலேயிலிருந்து பாரிஸ் வழியாக அக்கரைக்கு ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோடையில் ஒரு சிறு நிகழ்ச்சி. அமெரிக்கரான ஜெரால்ட் மேர்பியும் அவர் மனைவி சாராவும் அன்டீப் முனையிலுள்ள ஹோட்டலின் உரிமையாளரை வேண்டி, வழக்கமாகக் கோடையில் மூடப்படும் அவ்விடுதியைத் தமக்காகத் திறந்து வைக்கச் செய்தனர். ஓவியர் பிக்காசோ குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். அருகிலிருந்த கரூப் என்னும் சிறு கடற்கரையைக் கடற்பாசி மூடியிருந்தது. மேர்பி நாள்தோறும் வாரி கொண்டு அதனை ஒதுக்கி மணலை வெளிப்படுத்தினார்.

அவர் என்ன உடுத்திருந்தார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. மார்செய் துறைமுகத்தில் மாலுமிகளின் உடை விற்கும் கடையில் வாங்கிய கோடிட்ட சட்டை. தொழிலாளர் அணியும் வெண்தொப்பி. கயிற்றினால் அடி பின்னிய துணிச் செருப்பு. சாராவோ நீச்சலுடையின்மேல், முதுகுப்புறமாகத் தொங்கும்படி, முத்துமாலை அணிந்து மணலில் அமர்ந்திருந்தார். வெயில் பட்டால் முத்து நலம் பெறும் என்பது அவருடைய எண்ணம். அவர்களைக் கண்டு நண்பர்கள் பின்பற்றினர். நண்பர்களைக் கண்டு நாடே பின்பற்றியது. ஸ்கொட் பிட்ஸ்ஜெரால்ட் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நாவலை இத்தம்பதியருக்கே காணிக்கையாக்கினார். இதற்கிடையில், 1924 யூன் மாதத்தில், அந்த நீலப் புகையிரதத்தின் பெயரையே தாங்கிய நாட்டிய நாடகம் ஒன்று பாரிஸில் அரங்கேறியது. கதை நிகழ்வது கடற்கரையில். உடைகளை அமைத்தவர் ஷனெல். கடற்கரை உடை அரங்கத்தில் ஏறிவிட்டது. சில ஆண்டுகளுள் ஹோட்டல்கள் கோடையிலே திறந்து வைக்கப்படலாயின.

இவ்வுடைகளின் பிறப்பை ஒவ்வொன்றாக ஆராய்ந்தால் வேடிக்கையான உண்மை வெளிப்படும். கோடிட்ட சட்டை பிரெஞ்சுக் கடற்படையின் சாதாரண மாலுமிக்கென 1858 மார்ச் மாதத்தில் விதிக்கப்பட்ட சீருடை. வெண்கோடுகள் 21 என்றும், வெண்கோட்டின் அகலத்திற் பாதியே நீலக்கோட்டுக்கு என்றும் அவ்விதி கணக்குச் சொல்லிற்று. கயிற்றுச் செருப்பு பிரனீஸ் மலையின் இருமருங்கிலும் வாழ்ந்த உழவர்களும் சுமைகூலிகளும் அணிந்தது. ஏழையின் உடை, ஏழையின் உடலில் இருந்தவரை இழிவாக இருந்தது. செல்வர் எடுத்து உடுத்ததும் நாகரிகமாயிற்று. கடனாகப் பெற்ற அவ்வழகுக்கு அந்த மாலுமிக்கும் சுமைகூலிக்கும் ஒருவரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

நம் பக்கத்துக் கடனும் உண்டு. 1930ஆம் ஆண்டையொட்டி அக்கரையிலுள்ள ஜுவான்-லெ-பான் என்னும் ஊரில் பெண்கள் அகலக் காலுடைய தளர்ந்த காற்சட்டைகளை அணிந்து உலாவினர். அவ்வூருக்கே 'பைஜாமாப் பட்டினம்' என்னும் பட்டப்பெயர் ஏற்பட்டது. 'பைஜாமா' என்பது பாரசீகச் சொல்; காலுடை என்பது அதன் பொருள். இந்தியாவில் வழங்கிய உடையையும் பெயரையும் ஆங்கிலேயர் எடுத்துச் சென்று உலகெங்கும் பரப்பினர். அதே காலத்திலே பாரிஸ் நகரில், பெண்கள் அனுமதியின்றிக் காற்சட்டை அணியலாகாது என்னும் 1800ஆம் ஆண்டின் காவற்றுறை ஆணை ஏட்டளவில் நீக்கப்படாமலே இருந்தது. அது செல்லாதது என்று அரசாங்கம் வெளிப்படையாக அறிவித்தது 2013ஆம் ஆண்டிலேதான்!

இதனினும் பழைய கடன் ஒன்றுண்டு. தென்பிரான்சின் கடைகளில் இன்றும் விற்கப்படும் பூவேலைப் பருத்தித் துணிகளுக்கு 'இந்தியத்துணி' என்பதே பழம்பெயர். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் சென்ற, துவைத்தாலும் நிறம் மங்காத அச்சுத்துணிகளைக் கண்டு ஐரோப்பியர் மயங்கினர். அவற்றைப் போலச் செய்வதற்கு மார்செய் நகரில் 1648ஆம் ஆண்டிலேயே ஒரு பட்டறை தோன்றிற்று. உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர் முறையிடவே, 1686 முதல் 1759 வரை பிரெஞ்சு அரசு இத்துணிகளைத் தடைசெய்தது. தடை இருந்தும் மக்கள் உடுத்தனர். சோழமண்டலத் துணியின் செந்நிறத்தைத் தந்தது சாயவேர். அந்த வேரை ஒல்லாந்தர் ஆட்சியில் நம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலங்களிலிருந்து தோண்டி எடுத்தனர். அஃது அரசாங்க வருவாய்களுள் ஒன்றாகவும் இருந்தது. ஆகவே, நம் ஆசிரியை பருத்திச் சேலையோடு அக்கரையை அடைவாராயின், அந்நியமான ஒன்றை அங்கே கொண்டு செல்பவராகார். அவருடைய சேலைக்கு அவ்வூர்த் துணிக்கடையிலே பழைய உறவினர் உண்டு.

இனி நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1920களிலே, வெளுத்த மேனியே உயர்வு என்ற எண்ணம் தலைகீழாகப் புரண்டது. தொழிலாளர் வயலை விட்டு ஆலைக்குட் புகுந்தபின், வெளுத்த முகம் உள்ளே அடைபட்டுக் கிடப்பவன் முகமாயிற்று; வெயிலிற் கருகிய முகம் விடுமுறை எடுக்க வசதியுடையவன் முகமாயிற்று. 1927ஆம் ஆண்டில் ஜான் பட்டூ என்னும் ஆடையமைப்பாளர் மேனியைக் கறுப்பிக்க உதவும் எண்ணெயொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் நாட்டிலே, பெண் கறுப்பென்று சொல்லிக் கலியாணப் பேச்சு முறிந்த வீடுகளை நாம் அறிவோம்; முகத்தை வெளுக்க வைக்கும் களிம்புகள் விற்கும் கடைகளையும் அறிவோம். அங்கே கறுப்பதற்கு எண்ணெய், இங்கே வெளுப்பதற்குக் களிம்பு! இரண்டிலும் நிறத்துக்கு விலையில்லை. அந்தந்த ஊரில் ஓய்வுடையோர் யாரோ, அவருடைய சாயலுக்கே விலை. மாணவியருக்கு இந்த ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதற்காகவேனும் உடையின் சரித்திரம் படிக்கத் தக்கது. அன்றியும், மிகுந்த வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் தோற்புற்றுநோய்க்குக் காரணமாகின்றன என்பதை இன்று மருத்துவம் தெளிவாக அறிந்திருக்கிறது. குடையையும் தொப்பியையும் கைவிட்ட அந்தத் தலைமுறைக்கு அது தெரியாது.

இதுவரை சொன்னது செல்வர் கதை. உழைப்பவருக்கு அக்கரை எப்போது திறந்தது?

1936ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களில் பிரான்சு முழுவதும் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளே அமர்ந்து வேலைநிறுத்தஞ் செய்தனர். லியோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசாங்கம் அமைந்தது. அவ்வாண்டு யூன் 20ஆம் தேதியச் சட்டம், கூலி வேலை செய்பவர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையை வழங்கிற்று. லியோ லக்ராஞ்ச் என்னும் இளம் அமைச்சர் புகையிரதக் கட்டணத்தில் நூற்றுக்கு 40 வீதம் குறைத்து விடுமுறைப் பயணச்சீட்டு ஒன்றை ஏற்படுத்தினார். அக்கோடையிலேயே பல இலட்சம் பேர் அச்சீட்டைப் பெற்றனர். பலர் கிராமத்திலுள்ள பெற்றாரிடம் சென்றனர். இருவர் மிதிக்கும் துவிச்சக்கர வண்டியிற் புறப்பட்டவரும் உண்டு. கடலை வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அவர்களிடம் தட்டைமூடிப் பெட்டிகள் இல்லை. ஒரு முதுகுப்பை, ஒரு கைப்பெட்டி, அவ்வளவுதான். கடற்கரையில் அவர்களைக் கண்டு முகஞ் சுளித்த செல்வர்களும் இருந்தனர். 'சம்பள விடுமுறைக்காரர்' என்பதே ஏளனச் சொல்லாக வழங்கியது. ஆயினும் காலம் அவர்கள் பக்கமே நின்றது. 1956இல் மூன்று வாரம், 1969இல் நான்கு வாரம், 1982இல் ஐந்து வாரம் என விடுமுறை வளர்ந்தது. இலேசான பெட்டி என்பது செல்வர் கண்டுபிடித்த நாகரிகமாகத் தொடங்கி உழைப்பவர் வென்றெடுத்த உரிமையாக முடிந்தது. நம் ஆசிரியையின் மகள் ஓகஸ்ட் மாதத்தில் தாயை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகமுடிவதும், 1936ஆம் ஆண்டு ஆலைக்குள்ளே இரவைக் கழித்த தொழிலாளரின் பயனேயாகும்.

போருக்குப்பின் வந்த ஒரு சிற்றுடையைப் பற்றியும் சொல்லாமல் விடுதல் இயலாது. 1946ஆம் ஆண்டு யூலை 5ஆம் தேதி, பொறியியலாளராயிருந்து ஆடைத்துறைக்கு வந்த லூயி ரெயார் என்பவர் பாரிஸில் ஒரு நீச்சற்குளத்தருகே ஈருறுப்பு நீச்சலுடையொன்றைக் காட்சிப்படுத்தினார். இரு துண்டு உடை புதிதன்று. சிசிலித் தீவிலுள்ள நான்காம் நூற்றாண்டு உரோம மாளிகையொன்றின் தரைச்சித்திரத்தில் விளையாட்டுப் பயிலும் பெண்கள் அத்தகைய உடையோடே காணப்படுகின்றனர். புதியது அதற்கிட்ட பெயர்தான். நான்கு நாட்களுக்கு முன், யூலை 1ஆம் தேதி, பசிபிக் சமுத்திரத்திலுள்ள பிக்கினித் தீவில் அமெரிக்கர் அணுகுண்டுப் பரிசோதனை நடத்தியிருந்தனர். அப்பெயரையே ரெயார் தம் உடைக்குச் சூட்டிக்கொண்டார்.

அத்தீவிலே வாழ்ந்த மக்கள் 167 பேர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அவர்கள் தங்கள் வீடுகளையும் தென்னைகளையும் விட்டு வேறு தீவுக்கு ஏற்றப்பட்டனர். 1958ஆம் ஆண்டு வரை அங்கே 23 அணுவெடிப்புகள் நிகழ்த்தப்பட்டன. 1970களிலே திரும்பிச் சென்ற சிலரும், நிலத்திலும் உணவிலும் கதிர்வீச்சு நச்சு எஞ்சியிருந்தமையால், 1978இல் மீண்டும் அகற்றப்பட்டனர். உலகமெங்கும் கடற்கரைக் களிப்பைக் குறிக்கும் அச்சொல், தன் கடற்கரையை இழந்த ஒரு சிறு மக்களின் ஊர்ப்பெயர். இடம்பெயர்வின் துன்பம் அறிந்த நாம், அச்சொல்லை உச்சரிக்கும்போது ஒரு கணமேனும் அவர்களை நினைத்தல் தகும்.

அவ்வுடையும் எளிதில் ஏற்கப்படவில்லை. இத்தாலியிலும் ஸ்பானியாவிலும் அதனைத் தடுத்த கரைகள் உண்டு. 1950களின் தொடக்கத்தில் ஸ்பானியாவின் பெனிடோம் நகர முதல்வர் பெட்ரோ சரகோசா அதனை அனுமதித்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. சர்வாதிகாரி பிராங்கோவைக் காணத் தாமே சிறு மோட்டார்ச் சைக்கிளில் மட்ரிட் சென்றதாக அவர் பின்னாளில் எடுத்துரைத்தார். பின்பு 2016ஆம் ஆண்டு கோடையில் வழக்குத் தலைகீழாகத் திரும்பிற்று. நீஸ் நகரில் நிகழ்ந்த கொடிய தாக்குதலின்பின், அக்கரையின் பல நகரசபைகள், உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடையை முஸ்லிம் பெண்கள் அணிவதைத் தடுக்க முற்பட்டன. ஓகஸ்ட் 26ஆம் தேதி பிரான்சின் உயர் நிருவாக நீதிமன்றம் அத்தகைய தடையொன்றை இடைநிறுத்தி, அஃது அடிப்படைச் சுதந்திரங்களை மீறுவது எனக் கூறிற்று. ஒரு காலத்தில் உடல் மிகுதியாகத் தெரிகிறதென்று குற்றம்; பிறிதொரு காலத்தில் உடல் மிகுதியாக மூடப்பட்டதென்று குற்றம். இரு காலத்திலும் அந்தப் பெண்ணைக் கேட்டவர் இல்லை. ஸ்மொலெற்றின் குறிப்பிலிருந்து 250 ஆண்டுகள் கழிந்தும் வழக்கு முடியவில்லை என்று நான் சொன்னதன் பொருள் இதுவே.

நிற்க. இனி அந்த ஆசிரியையின் பெட்டிக்கு வருவோம். சரித்திரத்தையும் அவ்வூர்த் தட்பவெப்பத்தையும் ஒருங்கே வைத்து நான் அவருக்கு எழுதிய யோசனைகள் இவை.

அங்கே கோடை, வறண்ட கோடை. மழை பெய்வது இலையுதிர் காலத்திலும் மாரியிலும். நம் கொழும்பிற்போல வேர்வை உடலில் ஒட்டிக்கொண்டு நில்லாது. ஆகவே, தளர்வான பருத்தி உடையும் லினன் உடையும் மிகப் பொருந்தும். லினன் கசங்குமே என்று அஞ்சவேண்டா; கசங்கியிருத்தலே அத்துணியின் இயல்பு என்று அவ்வூரார் கொள்வர். ஒன்றோடொன்று மாற்றி உடுக்கத்தக்க இரண்டு மூன்று நிறங்களிலே எடுத்து வைத்தால், நான்கு உடை எட்டு உடையாகும். நீஸ் கடற்கரையில் இருப்பது மணலன்று, கூழாங்கல். வெறுங்காலோடு நடத்தல் துன்பம். பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் மாலை எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அகன்ற விளிம்புத் தொப்பியும், நீண்ட கையுடைய மெல்லிய சட்டையும் தேவைப்படும். வடக்கிலிருந்து 'மிஸ்திரால்' என்னும் குளிர்காற்று இறங்கும் நாட்களும் அப்பகுதியில் உண்டாதலால் ஒரு சால்வை வைத்துக்கொள்ளுதல் நன்று. அதே சால்வை கோவிலுக்கும் உதவும். அந்நாடுகளின் தேவாலயங்கள் பலவற்றுள் தோள் மூடாமற் செல்லுதல் மரியாதையன்று.

கடற்கரை உடையைக் கடற்கரையோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்பதும் ஒரு விதி. பார்சலோனா நகரசபை 2011ஆம் ஆண்டிலும், இத்தாலியின் சொரெந்தோ நகரசபை 2022ஆம் ஆண்டிலும் நீச்சலுடையோடு வீதியில் உலாவுவோருக்குத் தண்டப்பணம் விதித்தன. கடற்கரைக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் நம் விடுமுறையின் காட்சிப்பொருள்கள் அல்லர். நம் ஊர்க் கோவில் வாயிலிற் சுற்றுலாக்காரர் அரைகுறை உடையோடு நிற்கும்போது நமக்கு எப்படி இருக்கிறதோ, அப்படியே அவர்களுக்கும்.

சேலையைப் பற்றிக் கேட்டாரல்லவா? கட்டாயம் கொண்டு செல்லுங்கள் என்றே எழுதினேன். கரையில் அமர்ந்து பேரப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பதற்கும், மாலையில் உலாவீதியில் நடப்பதற்கும் மெல்லிய பருத்திச் சேலையை விட வசதியான உடை வேறில்லை. ஆனால் நீரில் இறங்குவதாயின் சேலை ஆகாது. நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும், ஆபத்தும் விளையும். அதற்கு ஒரு பைஜாமாவும் நீண்ட சட்டையும், விரைவில் உலரும் துணியில், தைப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அதிசயமாகப் பார்த்தால், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையின் பெருநாகரிகம் இதுவே என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அவருடைய மறுமொழி சென்ற வாரம் கிடைத்தது. பெட்டி ஒன்றே ஒன்றாம்; நிறை 11 கிலோவாம்; தாமே தூக்கிப் பார்த்தாராம். பேரப்பிள்ளைகளுக்காக எள்ளுருண்டை வைக்கவும் இடம் மிஞ்சியிருக்கிறதாம்.